பேரூராட்சிக் கழிவுநீரும் தாமிரபரணியும்: முதலில் எதைக் கேட்பது?

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு பேரூராட்சியில் பிறந்து, அங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப்பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் கரையில், எங்கள் நிலையில் உள்ள ஊர்கள் பல.

எங்கள் படித்துறைக்கு மேற்கே இருபதடி தொலைவில் தெருச் சாக்கடை ஒன்று ஆற்றில் இறங்குகிறது. அது விழும் கல்லின் மேல் கறுப்பாக ஒரு பாசிப்படலம் படிந்திருக்கிறது. அதைக் குச்சியால் கீறினால் அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. அந்தக் கல்லுக்கு மேற்கே ஆகாயத்தாமரை ஒன்று கூட இல்லை. அந்தக் கல்லிலிருந்து கிழக்கே கரையோரம் முழுவதும் அதுதான். நான் சிறுமியாக இருந்தபோது இதே படித்துறையில் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

ஊரில் சிலர் சேர்ந்து மனு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். பாதாளச் சாக்கடையும் பெரிய சுத்திகரிப்பு நிலையமும் கேட்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். அதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் ஆகும், அதற்குள் ஆறு என்ன ஆவது, செப்டிக் டேங்க் கசடுக்கு மட்டுமாவது ஒரு நிலையம் கேட்போம் என்கிறார்கள் மற்றவர்கள். சுமார் 20,000 பேர் வாழும் ஊருக்கு எது பொருந்தும், எதனால் ஆறு உண்மையில் பயன்பெறும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மனுவைத் திருத்தி எழுத உதவியாக இருக்கும்.

நீரளவை | ஞாயிறு, காலை 10.45

அம்மா, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் பணியில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு முதலில் கணக்காகவே விடை தேடிப் பார்ப்போம். கணக்கு தெரிந்தால் எதை முதலில் கேட்பது என்பதும் விளங்கிவிடும்.

கழிவுநீரில் உள்ள அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறதோ, அந்த அளவை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்கிறோம், களத்தில் பி.ஓ.டி. என்றுதான் வழக்கம். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம். குளிப்பதற்கு ஏற்ற ஆற்றுநீரில் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, கரைந்துள்ள ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. நம்முடைய வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் நீர் தன்னுள் வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே 7.5 மில்லிகிராம் அளவுதான். குளிர்நாட்டு ஆறுகளுக்கு இருக்கும் கையிருப்பு நம் ஆறுகளுக்கு இல்லை.

உங்கள் ஊரில் ஒருவருக்கு 100 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது என்றும், அது முழுவதும் அப்படியே ஆற்றைச் சேர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் பி.ஓ.டி. சுமை 500 கிலோ. மேலிருந்து வரும் நீரில் ஏற்கெனவே 1 மில்லிகிராம் இருந்தால், வரம்பைத் தாண்டாமல் ஆறு தாங்கக்கூடியது லிட்டருக்கு மேலும் 2 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே 500 கிலோவைக் கரைத்துக்கொள்ள நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர் நல்ல நீர் ஓட வேண்டும். உங்கள் பக்கத்து அளவில் சொன்னால் வினாடிக்கு ஏறக்குறைய 100 கன அடி. மழைக்காலத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு அணைக்கட்டிலும் கால்வாய்க்குத் திருப்பிய பிறகு ஆற்றில் மிஞ்சும் நீர் எவ்வளவு என்பதை நீங்களே படித்துறையில் நின்று பார்த்திருப்பீர்கள். இது ஒரு பேரூராட்சிக்கான கணக்கு. உங்களுக்கு மேலேயும் கீழேயும் இத்தகைய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

இதே கழிவுநீரை 30 மில்லிகிராம் வரை சுத்திகரித்துவிட்டால், 100 கன அடி தேவைப்பட்ட இடத்தில் 12 கன அடி போதும். 10 மில்லிகிராம் வரை கொண்டு போனால் 4 கன அடி போதும். பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு 2017 அக்டோபரில் வந்த அறிவிக்கை 30 என்று வைத்தது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 என்று இறுக்கியது. எண்கள் சிறியவையாகத் தோன்றினாலும், கோடையில் அந்த வேறுபாடுதான் மீன் செத்து மிதக்குமா மிதக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

உங்கள் ஊர் மனுவுக்கு இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. செப்டிக் டேங்கில் ஆண்டுக்கணக்கில் தேங்கிய கசடு, சாதாரணக் கழிவுநீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அடர்த்தியானது, அதன் பி.ஓ.டி. சில ஆயிரம் மில்லிகிராம் இருக்கும். 5,000 என்றே கொள்ளுங்கள். 5,000 லிட்டர் கொள்ளும் லாரி ஒன்றில் இருப்பது 25 கிலோ சுமை. ஊர் முழுவதன் கழிவுநீரையும் 10 மில்லிகிராம் வரை சுத்திகரித்து ஆற்றில் விட்டால் ஒரு நாளைக்குச் சேரும் சுமை 20 கிலோதான். அதாவது, நள்ளிரவில் ஓடையில் கவிழ்க்கப்படும் ஒரே ஒரு லாரி, பல கோடி ரூபாய் செலவழித்துக் கட்டும் நிலையம் அன்று முழுவதும் ஆற்றில் விடும் சுமையைவிடக் கூடுதலான சுமையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ஆகவே கசடு நிலையத்தை முதலில் கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கான காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

தென்காற்று | ஞாயிறு, பகல் 12.20

நீரளவை அவர்களின் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நிலையம் கட்டினால் ஆறு தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் எனக்கு ஐயம். 2018இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாட்டில் மாசடைந்த ஆற்றுப்பகுதிகள் 6 என்று பட்டியலிட்டது. காவிரி, பவானி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்டநதி ஆகியவற்றுடன் நம் தாமிரபரணியும் அதில் இருந்தது. ஆற்றில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நேரிலேயே கரைக்கு வந்து பார்த்தார்கள். பெரிய ஊர்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் இந்த நிலை. வீடுகளிலிருந்து குழாய் இணைப்பே கொடுக்கப்படாமல், பாதி கொள்ளளவில் ஓடும் நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் பழுதாகி, அதைச் சரிசெய்யும் கோப்பு மாதக்கணக்கில் மேசையிலேயே கிடந்த இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

பேரூராட்சிக்கு வரும் வருவாயில் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் யார் கொடுப்பது? கட்டும் செலவுக்கு அரசு பணம் தரும். பிறகு ஒவ்வொரு மாதமும் ஓட்டும் செலவுக்கு மனுவில் என்ன வழி சொல்கிறீர்கள் என்பதை அம்மா தெளிவுபடுத்த வேண்டும்.

நடைவண்டி | ஞாயிறு, இரவு 9.05

நான் செப்டிக் டேங்க் லாரி வைத்திருப்பவன். என் மகள் தட்டச்சு செய்து தருகிறாள். நள்ளிரவில் ஓடையில் கவிழ்க்கும் லாரி என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அதை மறுக்க வரவில்லை. ஏன் அப்படி நடக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

ஒரு வீட்டுத் தொட்டியை உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம் போதும். அதன் பிறகுதான் எங்கள் கவலை தொடங்குகிறது. என் ஊரிலிருந்து முறைப்படி ஊற்றக்கூடிய இடம் போக வர 50 கிலோமீட்டர். நிறைந்த லாரி மெதுவாகத்தான் போகும். அங்கே போனால், சில நாள் வரிசை. சில நாள் ஐந்து மணிக்கே பூட்டிவிட்டார்கள் என்பார்கள். ஒரு நடைக்கு நாங்கள் வாங்கும் 2,000 ரூபாயில் டீசல், இரண்டு ஆள் கூலி, வண்டித் தவணை எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடலாம். விவசாயிகள் சிலர் தங்கள் தோப்பில் ஊற்றச் சொல்வார்கள். கோடையில் அது நடக்கும், மழைக்காலத்தில் வண்டி உள்ளே இறங்காது. அப்போதுதான் ஆளில்லாத ஓடையைத் தேடுகிறார்கள்.

எங்களுக்கு உரிமம் கொடுங்கள், அபராதம் போடுங்கள், வண்டியில் ஜி.பி.எஸ். கருவியும் பொருத்துங்கள், எதற்கும் நாங்கள் தயார். பத்துக் கிலோமீட்டருக்குள் ஓர் இடம் காட்டி, காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். அப்படி இருந்தால் ஓடைக்குப் போக எந்த ஓட்டுநருக்கும் மனம் வராது. அந்தத் தண்ணீரைத்தான் எங்கள் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் பாதிக்கு மேல் உண்மையான செப்டிக் டேங்கே இல்லை. உறை இறக்கிய குழிகள்தான். அடியில் சிமெண்டுத் தளம் இருக்காது. பதினைந்து ஆண்டுகளாக ஒரு முறை கூட எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எடுக்கவில்லை என்றால் அது எங்கே போயிருக்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

நீரளவை | திங்கள், காலை 6.30

நடைவண்டி ஐயா எழுதியது எங்கள் துறையின் அறிக்கைகள் பலவற்றைவிடத் தெளிவாக இருக்கிறது. நன்றி. அவர் கேட்கும் பத்துக் கிலோமீட்டர் ஏற்பாடு ஏற்கெனவே சில இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015இல் நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் தொடங்கியது. தமிழ்நாட்டில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017 முதல் சுமார் 23,000 லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம் இயங்குகிறது. சுற்றியுள்ள ஊர்களின் லாரிகளும் அங்கே வருகின்றன. ஒரு பேரூராட்சி தனக்காக மட்டும் கட்டாமல், அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து பயன்படுத்துவதால் ஓட்டும் செலவு பங்கிடப்படுகிறது. தென்காற்று அவர்களின் கேள்விக்கு இது பாதி விடை.

மீதி விடை தொழில்நுட்பத்தில் இருக்கிறது. கசடைக் காயவைக்கும் படுகை என்பது, அடியில் ஜல்லி, அதன் மேல் மணல் என்று அடுக்கிய ஆழமற்ற தொட்டிதான். லாரி ஊற்றும் கசடு அதில் பரவி, நீர் கீழே வடிந்து, மேலே மிஞ்சியது வெயிலில் காய்கிறது. முதல் நாள் கரிய கூழாக இருந்தது, சில வாரங்களில் வற்றிய கண்மாயின் வண்டல் போல ஓடு ஓடாக வெடித்து நிற்கும், மண்வெட்டியால் அள்ளலாம். வடிந்த நீரைத் தனியே சல்லித் தொட்டியிலும், அதாவது ஜல்லி நிரப்பிய தொட்டியிலும், குளத்திலும் சுத்திகரிக்க வேண்டும். மின்சாரம் வேண்டியிருப்பது நீரை ஏற்றும் சிறு மோட்டாருக்குத்தான். நம் ஊர் வெயில் இதற்கு மிகவும் ஏற்றது. மழைக்காலத்துக்கு மட்டும் படுகை மேல் கூரை வேண்டும்.

கசடு நிலையத்தோடு நிற்காதீர்கள் என்று எழுதியதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் கட்டிய செப்டிக் டேங்க் கூட பி.ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைக்கும். அதிலிருந்து வழியும் நீரும், சமையலறை, குளியலறைத் தண்ணீரும் தெருச் சாக்கடையில்தான் ஓடுகின்றன. அம்மா குச்சியால் கீறிய கறுப்புப் படலம் அதனால் வந்தது. லாரியைத் தடுத்தாலும் அந்தச் சாக்கடை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கிருமிகளின் கணக்கு இன்னும் கடுமையானது. கழிவுநீரின் 100 மில்லிலிட்டரில் மலக்கிருமிகள் 1 கோடி வரை இருப்பது சாதாரணம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அழித்துவிட்டோம் என்றாலும் 1 லட்சம் மிஞ்சும். குளிக்கும் நீருக்கான உச்ச வரம்போ 2,500. பி.ஓ.டி. குறைந்து கண்ணாடி போல் தெளிந்த நீரும் கிருமி நிறைந்ததாக இருக்கலாம். அதனால்தான் கடைசியாக வெயில்படும் குளத்தில் பல நாள் தேக்கி வைப்பதையோ குளோரின் இடுவதையோ தவிர்க்க முடியாது. இந்த ஆற்றின் மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்குத் தண்ணீர் எடுக்கின்றன என்பதையும் மனுவில் எழுதுங்கள். உங்கள் படித்துறைச் சாக்கடைக்குக் கீழே யாரோ ஒருவரின் குடிநீர்க் கிணறு இருக்கிறது.

கீழ்க்கால் வயல் | திங்கள், பகல் 1.15

நான் கீழ்ப்பகுதி விவசாயி. உங்கள் சாக்கடைகள் எல்லாம் கடைசியில் எங்கள் அணைக்கட்டில் வந்து நிற்கின்றன. நீர் ஓடும்போது தெரிவதில்லை. தேங்கிய இடத்தில்தான் அதன் நிறம் தெரிகிறது. எங்கள் வாய்க்காலின் தலைமதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, கடந்த பூவில், அதாவது போன சாகுபடிப் பருவத்தில், நாங்கள் இருபது பேர் இரண்டு நாள் நின்று அள்ளிப் போட்டோம். அள்ளியவர்களில் பலருக்குக் காலில் அரிப்பும் புண்ணும் வந்தன.

ஒரு யோசனை. கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால்தானே ஆகாயத்தாமரை இப்படிச் செழிக்கிறது? அதைச் சுத்திகரித்து ஆற்றில் விடாமல், ஊருக்கு வெளியே தீவனப்புல்லுக்கும் தென்னைக்கும் பாய்ச்சினால் என்ன? புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் சுத்திகரித்த நீரில் தோட்டம் வளர்ப்பதாகப் படித்திருக்கிறேன். நெல்லுக்கு அதைப் பாய்ச்சலாமா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

நீரளவை | திங்கள், மாலை 7.40

பாய்ச்சலாம் என்பதைவிட, பாய்ச்சுவதே நல்லது. சத்துகளை நீக்க விலையுயர்ந்த கருவி வைப்பதைக் காட்டிலும் அவற்றைப் பயிருக்குக் கொடுப்பது பேரூராட்சியின் வருவாய்க்கு ஏற்றது. தென்னை, தீவனப்புல், சவுக்கு ஆகியவற்றுக்குத் தயக்கம் வேண்டாம். நெல்லில் தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாய்ந்துவிடும், பூச்சியும் கூடும். வாய்க்கால் நீரோடு கலந்து, உர அளவைக் குறைத்துக்கொண்டு பாய்ச்ச வேண்டும். பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரிக்கு வேண்டவே வேண்டாம். சேற்றில் இறங்கி நடவு செய்கிறவர்களின் கால்களை நினைத்தால், கிருமிநீக்கம் ஆகாத நீரை எந்த வயலுக்கும் அனுப்பக் கூடாது.

ஐந்தாம் வார்டு | செவ்வாய், காலை 8.50

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு நிலையத்துக்கு இடம் பார்த்தார்கள். அதை எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. வீட்டுக்கு அருகில் குப்பைக்கிடங்கு வந்தபோது கொடுத்த வாக்குறுதி எதையும் காப்பாற்றவில்லை. இதை மட்டும் எப்படி நம்புவது? நாற்றம் வராது என்று சொல்ல வேண்டாம். எவ்வளவு தூரம், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம், பழுதானால் யாரைக் கேட்பது, இவற்றுக்கு எழுத்தில் பதில் இருந்தால் நான் கையெழுத்தைத் திரும்பப் பெறுவேன்.

இடம் பார்ப்பவர்கள் ஆற்றோரப் புறம்போக்கையே முதலில் காட்டுகிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாள்களில் கரையில் கசடுப் படுகை இருந்திருந்தால், மாதக்கணக்கில் சேர்த்தது முழுவதும் ஒரே இரவில் ஆற்றுக்குள் போயிருக்கும்.

நீரளவை | செவ்வாய், பகல் 11.00

நீங்கள் கேட்ட மூன்றும் நியாயமான கேள்விகள். திட்ட அறிக்கையில் அவற்றுக்குப் பதில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள். நாற்றம் பெரும்பாலும் லாரி ஊற்றும் இடத்திலிருந்தும் மூடாத தொட்டியிலிருந்தும் வருகிறது. ஊற்றும் வாயை மூடியதாக அமைத்து, குழாயை நேரே இணைக்கச் செய்தால் மிகவும் குறையும். முற்றிலும் இல்லாமல் போகாது. வெள்ளம் எட்டாத மேட்டில் இடம் பார்க்க வேண்டும் என்பதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டுவிட்டது என் தவறு.

பொருநைக்கரை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். மனு எழுதும் முன் உங்கள் ஊரில் எத்தனை சாக்கடைகள் ஆற்றில் இறங்குகின்றன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். சாக்கடை விழும் இடத்தில் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் பார்த்தால் போதும். கையுறை கட்டாயம் அணியுங்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் அளக்க வேண்டும்.

பொருநைக்கரை | அடுத்த திங்கள், இரவு 8.15

அளந்துவிட்டோம். என் பழைய மாணவர்கள் நால்வரும் நானுமாக, சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆற்றோரம் நடந்தோம். மொத்தம் ஏழு வாய்கள். அவற்றில் மூன்று காய்ந்து கிடக்கின்றன. மழை பெய்தால் மட்டும் ஓடும். மூன்றில் நூல் போல ஒழுகுகிறது, 15 லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. படித்துறைக்கு மேற்கே விழும் சாக்கடையில் அதே வாளி காலை ஏழு மணிக்கு 5 வினாடியிலும், நண்பகலில் 14 வினாடியிலும், மாலை ஆறு மணிக்கு 8 வினாடியிலும் நிறைந்தது.

நீரளவை அவர்கள் தொலைபேசியில் கணக்கிட்டுச் சொன்னார். அந்த ஒரு சாக்கடையில் நாளுக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் லிட்டர். மற்ற மூன்றும் சேர்ந்தாலும் அதன் பாதிகூட வராது. 20 லட்சம் லிட்டர் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்ததில் பெரும்பகுதி உறைக்குழிகளின் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. அது நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்பது தனிக்கவலை. ஆனால் எங்கள் கண்முன் ஆற்றில் விழுவதில் மிகப் பெரும்பங்கு ஒரே வாய் வழியாகத்தான் வருகிறது. அதை மறித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள மேட்டுப் புறம்போக்கில் சல்லித் தொட்டியும் குளமுமாகச் சுத்திகரித்து, கீழேயுள்ள தென்னந்தோப்புகளுக்கு விட முடியும் என்கிறார்.

மனுவைத் திருத்திவிட்டோம். முதல் கோரிக்கை, அக்கம்பக்கத்து மூன்று பேரூராட்சிகளும் சேர்ந்து பயன்படுத்த, காலை ஆறு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும் கசடு நிலையம். இரண்டாவது, படித்துறைச் சாக்கடையை மறித்துச் சுத்திகரிப்பது. மூன்றாவதாக, ஓட்டும் செலவுக்கென ஒவ்வோர் ஆண்டும் தனி ஒதுக்கீட்டை மன்றத் தீர்மானமாகக் கேட்டிருக்கிறோம். தென்காற்று கேட்டிராவிட்டால் இது எங்களுக்குத் தோன்றியே இருக்காது. வெள்ள மட்டத்தைக் குறித்த பத்தியை ஐந்தாம் வார்டு அவர்களின் சொற்களிலேயே எழுதியிருக்கிறோம். அவர் இசைந்தால் அப்படியே வைத்துக்கொள்கிறோம். பாதாளச் சாக்கடையை மனுவிலிருந்து நீக்கவில்லை, நான்காவது இடத்தில் இருக்கிறது.

நடைவண்டி ஐயா, மனுவோடு இணைக்க ஓர் ஆண்டில் எங்கள் பகுதியில் எத்தனை நடை ஓடுகிறது என்ற கணக்கு வேண்டும். உங்கள் நண்பர்களிடமும் கேட்டு, மாதவாரியாக எழுதித் தர முடியுமா? வரும் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால், அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுவோம்.

நடைவண்டி | அடுத்த திங்கள், இரவு 10.30

தருகிறேன் அம்மா. என் கணக்கு நோட்டில் மூன்று ஆண்டுகளுக்கு இருக்கிறது. எங்கே ஊற்றினோம் என்பதையும் சேர்த்தே எழுதித் தருகிறேன்.